ரேஸ்கோர்ஸ் சாலையில் கோல்ஃப் ஆடிய காலம்

போன இதழில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தைச் சுற்றியுள்ள திடல்களைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்புக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பூங்காத் துறையில் மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் தகப்பனார் கோல்ஃப் கிளப் ஒன்றில் புல் வெட்டியவர். அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பேச நிறைய உண்டு. ஆசிரியர் இரண்டு பக்கம் கூடுதலாகத் தந்திருக்கிறார்.

கேள்வி: ஐயா, எங்கள் புளோக் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரேஸ்கோர்ஸ் சாலையில் குதிரைப் பந்தயம் மட்டுமல்ல, கோல்ஃபும் ஆடினார்கள் என்று தாத்தா சொல்கிறார். இவ்வளவு நெரிசலான இடத்தில் அது எப்படி நடந்திருக்கும்?
(உயர்நிலை நான்கு மாணவர், ரேஸ்கோர்ஸ் சாலை)

பதில்: தாத்தா சொல்வது முழு உண்மை, தம்பி. சிங்கப்பூரில் கோல்ஃப் முதன்முதலில் வேர்பிடித்ததே அங்கேதான். 1842இல் வெள்ளைக்கார வணிகர்கள் ஸ்போர்ட்டிங் கிளப் ஒன்றைத் தொடங்கி, சிராங்கூன் சாலைக்கு மேற்கே இருந்த தாழ்வான நிலத்தைச் சீர்செய்து பந்தயத் திடல் போட்டார்கள். 1843 பிப்ரவரியில் முதல் பந்தயம். குதிரை ஓடும் வட்டத்துக்கு நடுவே பெரிய வெற்றிடம் கிடந்தது. பந்தயம் வருஷத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் அந்த நடுத்திடல் சும்மாவே இருந்தது.

கோல்ட்னி என்றொரு நீதிபதி இருந்தார். அவர் முன்னின்று 1891 ஜூனில் சிங்கப்பூர் கோல்ஃப் கிளப்பைத் தொடங்கினார். பந்தய வட்டத்துக்குள்ளேயே ஒன்பது குழி. நீங்கள் இன்று வாழையிலைச் சாப்பாடு சாப்பிடப் போகும் கடைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்கள் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் அங்கே இருந்தது. அது 1855இலேயே எழும்பிய கோயில். சுற்றிலும் மாட்டுக்கொட்டில்கள், செங்கல் சூளைகள், காய்கறித் தோட்டங்கள். கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப்பட்டி என்ற பெயர் அந்த வட்டாரத்துக்கு வந்தது அந்தக் கொட்டில்களால்தான். ஆகவே நெரிசல் என்பது பிறகு வந்தது. திடல்தான் முதலில் வந்தது.

முப்பத்து மூன்று வருஷம் அங்கே ஆடிவிட்டு, 1924இல் அந்த கிளப் புக்கிட் தீமா பக்கம், மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய மேட்டு நிலத்துக்குப் போனது. 1938இல் 'ராயல்' பட்டம் கிடைத்தது. 1963இல் இன்னொரு கிளப்புடன் இணைந்து இன்றைய சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் ஆனது. குதிரைகளும் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போயின. 1999இல் அங்கிருந்து கிராஞ்சிக்கு. கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது. இந்தத் தீவில் 181 வருஷப் பந்தயக் கதை அன்றோடு முடிந்தது.

ஆனால் தம்பி, உங்கள் திடலின் பெருமை கோல்ஃபோடு நிற்பதில்லை. 1911 மார்ச்சில் சிங்கப்பூரின் முதல் விமானம் அந்தப் பந்தயத் திடலிலிருந்துதான் மேலே எழும்பியது. ஓட்டியவர் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர். குதிரைகள் போன பிறகு திடல் பொதுமக்களின் விளையாட்டிடம் ஆனது. நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஃபேரரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, பிரிட்டிஷ் படை சரணடைந்த மறுநாளுக்கு மறுநாள், ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்கள் அந்தப் புல்லில் உட்காரவைக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். கேப்டன் மோகன் சிங் எழுந்து பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் விதை விழுந்த இடம் அது. பின்னாளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள் என்பதை உங்கள் வயதுப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்தத் திடலில் இப்போது சுமார் 1,600 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். பழைய நீச்சல்குளக் கட்டடத்தையும் குத்துச்சண்டைக் கூடத்தையும் காப்பாற்றி, விளையாட்டு வசதிகளோடு சேர்த்துக் கட்டுவதாக அறிவித்திருக்கிறார்கள். வீடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் சிப்பாய்கள் உட்கார்ந்த நிலத்தில் ஒரு துண்டாவது, யாரும் அனுமதி கேட்காமல் பந்து உதைக்கக்கூடிய வெறும் புல்லாக இருக்க வேண்டும். பந்து உதைக்கக் காசு கட்டி நேரம் பதிவு செய்யும் செயற்கைப் புல்லை நான் சொல்லவில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் நம்மவர்கள் யாராவது கோல்ஃப் ஆடினார்களா? அல்லது பந்து பொறுக்குவதோடு சரியா?
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: ஆரம்ப காலத்தில் அது ஐரோப்பியர்களின் கிளப். 1924இல் அவர்கள் புக்கிட் தீமாவுக்குப் போனதும், காலியான பந்தயத் திடல் ஆட்டக்களத்தை ஆசியர்களும் ஆடக்கூடிய இன்னொரு கிளப் எடுத்துக்கொண்டது. அதன் வழி வந்ததுதான் அப்பர் தாம்சன் பக்கத்து ஐலண்ட் கிளப். இனம் பார்க்காமல் உறுப்பினர் சேர்த்த கிளப் என்று அதற்கு நல்ல பெயர். 1963இல் நான் மேலே சொன்ன ராயல் கிளப்போடு இணைந்தது இதுதான். அந்த இணைப்பில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

நம்மவர்களில் பெரும்பாலோர் புல்லின் அந்தப் பக்கம் நின்றவர்கள். என் தகப்பனார் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவார். முதல் வேலை பனி தட்டுவது. நீளமான மூங்கில் கம்பை கிரீன் மேல், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை மேல், வீசி வீசி இழுத்தால் புல் நுனியில் நிற்கும் பனித்துளி உதிரும். பனி நின்றால் புல்லில் பூஞ்சை பிடிக்கும், பந்தும் நேராக உருளாது. அப்புறம் குழி மாற்றுவது. ஒரே குழி ஒரே இடத்தில் இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துப்போகும். அதனால் பழைய குழியை மண்கட்டியால் மூடி, நாலேகால் அங்குல விட்டத்தில் புதிதாக வெட்ட வேண்டும். விளிம்பு கத்தியால் கீறியது மாதிரி இருக்க வேண்டும். அப்பா வெட்டிய குழியைப் பார்த்தால் யார் வெட்டியது என்று கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியுமாம்.

அந்தக் காலத்து கிரீன்களில் போட்டது சிராங்கூன் புல். ஆமாம், நம் சிராங்கூன் பெயர்தான். மெல்லிய இலை, நீலம் கலந்த பச்சை, தாழ வெட்டினாலும் தாங்கும். மலாயா முழுக்க கோல்ஃப் கிரீன்களில் அதைத்தான் போட்டார்கள். பிறகு பெர்முடா வகைகளும் ஸோய்சியாவும் வந்து அதை ஓரங்கட்டிவிட்டன. சாலையோரத்திலும் வீவக புளோக்குகளுக்கு நடுவிலும் நீங்கள் பார்க்கும் அகல இலைப் புல் வேறு, அது மாட்டுப்புல். மிதித்தால் மிதிபடும், வெட்டினால் வெட்டுப்படும், மறுபடி வரும். பொதுமக்களின் புல் என்றால் அதுதான்.

அப்பா அந்த கிரீன்களை வருஷக்கணக்கில் காலால் அளந்தவர். ஒருமுறைகூட அங்கே ஒரு பந்தை அடித்ததில்லை. வேலையாட்கள் கிளப் வீட்டுப் பக்கம் போகக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கொட்டகைக் குழாய்தான். எந்த கிளப் என்று எழுத மாட்டேன். அப்போது பல இடங்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அப்பா அந்தப் புல்லை நேசித்தார் என்பதை எழுதத்தான் வேண்டும். 'புல் யாருக்கும் எதிரி இல்லைடா' என்பார்.

கேள்வி: பூமலை ஆரம்பத்திலிருந்தே பொதுப் பூங்காதானா?
(ஓர் ஆசிரியை, உட்லண்ட்ஸ்)

பதில்: இல்லை, அம்மா. நம் தாத்தாக்கள் பூமலை என்று அழைத்த அந்த தாவரவியல் தோட்டத்தை 1859இல் தங்ளினில் தொடங்கியது வேளாண் தோட்டக்கலைச் சங்கம் என்ற தனியார் அமைப்பு. சந்தா கட்டிய உறுப்பினர்கள் மாலையில் உலாவவும், பேண்டு வாசிப்புக் கேட்கவும், பூக்கண்காட்சி வைக்கவும் போட்ட உல்லாசத் தோட்டம் அது. நிலம் வம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே என்ற சீன வணிகருடையது; படகுத்துறை பக்கம் வேறு நிலம் வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தார். லாரன்ஸ் நிவன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பாதைகளையும் மேடுகளையும் அமைத்தார். இன்றைக்கும் நீங்கள் நடப்பது பெரும்பாலும் அவர் வளைத்த பாதைகளில்தான்.

சங்கத்துக்குக் கடன் ஏறியது. 1874இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கிருந்துதான் தோட்டத்தின் பெரிய காலம் தொடங்குகிறது. 1877இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து ரப்பர் நாற்றுகள் வந்தன. 1888இல் வந்த இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையில் சாய்வாகக் கீறிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதையை வலிந்து திணித்தார். அந்த விதைகளிலிருந்து மலாயாவில் ரப்பர் காடுகள் எழுந்தன. அந்தக் காடுகளில் பால் வெட்ட நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றினார்கள். மலாயாத் தமிழர்களில் பாதிப் பேரின் குடும்பக் கதை அந்தத் தோட்டத்து ரப்பர் கன்றுகளோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகும்போது ஆர்க்கிட் பூவை மட்டும் காட்டி அழைத்து வந்துவிடாதீர்கள். ரப்பர் மரத்தின் முன்னாலும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள்.

2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. 82 ஹெக்டேர், காலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை.

கேள்வி: கோல்ஃப் திடல்களை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கிறதே, இது சரியா? எங்கே எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடியுமா?
(ஓய்வுபெற்ற எழுத்தர், தோ பாயோ)

பதில்: 2014இல் அரசாங்கம் சொன்ன கணக்குப்படி, நாட்டில் 18 கோல்ஃப் திடல்கள், சுமார் 1,500 ஹெக்டேர், மொத்த நிலத்தில் 2 விழுக்காடு. எழுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர் தீவில் இரண்டு விழுக்காடு என்பது சின்ன இடம் இல்லை. பூமலை மாதிரி பதினெட்டுத் தோட்டங்கள் போடலாம்.

இந்த நிலங்கள் கிளப்புகளுக்குச் சொந்தமில்லை, குத்தகை. குத்தகை முடிந்தால் திரும்பக் கொடுக்க வேண்டும். 1904இல் தொடங்கிய கெப்பல் கிளப்பின் குத்தகை 2021 கடைசியில் முடிந்தது. கிளப் சைம் ரோடு பக்கம் போய்விட்டது. பழைய திடலில் சுமார் 9,000 வீடுகள் வரப்போகின்றன, அதில் 6,000 வீவக வீடுகள். லாப்ரடார் கரையையும் தெற்கு மலைத்தொடரையும் இணைக்கும்படி பசுமை வழிகள் விடுவதாகவும், ஏறக்குறைய பத்து ஹெக்டேர் பூங்காவாகவும் திறந்தவெளியாகவும் இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். நூற்றாண்டு காலம் சில ஆயிரம் பேர் மட்டுமே மிதித்த கடலோர மேட்டில் இனி சாதாரணக் குடும்பங்கள் குடியிருக்கும். தெற்குக் கரையில் வீவக வீடு என்பதை என் தலைமுறை கனவிலும் நினைத்ததில்லை.

ஜூரோங் கன்ட்ரி கிளப்பும் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப்பும் வேறு கதை. கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக அந்த நிலங்கள் எடுக்கப்பட்டன. முதலாவது 2016 கடைசியில் மூடியது, அடுத்தது 2018இல். 2021 ஜனவரி முதல் தேதி அந்த ரயில் திட்டமே ரத்தானது. நிலம் திரும்பவும் கிளப்புக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் அங்கே வளர்ந்திருந்த மரங்கள் முப்பது நாற்பது வயதானவை. திட்டம் தள்ளிப்போகும் ஒவ்வொரு வருஷமும் அந்த மரங்களை நிழலுக்காகவாவது மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது மரினா பே கோல்ஃப் திடல் மூடியதுதான். 2024 ஜூன் 30ஆம் தேதி கடைசி ஆட்டம். நாட்டிலேயே உறுப்பினர் அட்டை இல்லாமல், யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடக்கூடிய பதினெட்டுக் குழித் திடல் அது ஒன்றுதான். டாக்சி ஓட்டுநர்கள் ஆடியிருக்கிறார்கள். என் பழைய சகா ஒருவர் ஓய்வு பெற்றபின் அங்கேதான் கோல்ஃப் கற்றுக்கொண்டார். கிளப்புகள் பல இன்னும் இருக்க, எல்லாருக்கும் திறந்திருந்தது முதலில் போனது சரியில்லை என்பது என் கருத்து. திரும்ப எடுக்கும்போது ஹெக்டேரை மட்டும் எண்ணாமல், அந்தப் புல்லில் கால் வைக்க எத்தனை பேருக்கு உரிமை இருந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

கேள்வி: நான் கோல்ஃப் ஆடுபவன். நீங்கள் எங்களைப் பணக்காரர்கள் என்று பொதுவாக ஒதுக்குவது போலத் தெரிகிறது. கோல்ஃப் திடல்கள் இல்லாவிட்டால் அந்த இடமெல்லாம் எப்போதோ கான்கிரீட் ஆகியிருக்காதா?
(பொறியாளர், புக்கிட் பாஞ்சாங்)

பதில்: உங்கள் இரண்டாவது வாக்கியம் நியாயமானது. நீர்ப்பிடிப்புக் காட்டை ஒட்டிய கோல்ஃப் திடல்கள் காட்டுக்கும் நகரத்துக்கும் நடுவில் இடைவெளியாக நின்றிருக்கின்றன. மெக்ரிட்சியில் மரப்பலகை நடைபாதையில் போனால் ஒரு பக்கம் தண்ணீர், காட்டின் மறுபக்கம் கோல்ஃப் புல் தெரியும். உடும்பும் நீர்நாயும் குத்தகை ஒப்பந்தம் பார்த்து நடப்பதில்லை. சைம் ரோடு வட்டாரத்தில் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் தலைமையகம் இருந்தது. அங்கே அடுக்குமாடிகள் எழாததற்குப் பக்கத்தில் கோல்ஃப் புல் இருந்ததும் ஒரு காரணம். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் கோல்ஃப் திடல் காடு ஆகாது. அது விடாமல் வெட்டி, விடாமல் தண்ணீர் காட்டி, மருந்தடித்து வைத்திருக்கும் ஒற்றைப் புல். அந்த வேலையைச் செய்த மனிதரின் மகனாகச் சொல்கிறேன். உங்களை ஒதுக்குவது என் எண்ணம் இல்லை. உங்கள் கிளப்பின் பொதுக்குழுவில் ஒரு யோசனை வையுங்கள்: ஆட்டம் இல்லாத திங்கள்கிழமைக் காலைகளில், ஓரப்பாதையில் மட்டுமாவது அக்கம்பக்கத்து மக்கள் நடக்கட்டும். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு மூடி, ஊர்க்காரர்கள் நாயோடும் பிள்ளைகளோடும் நடக்கும் பொதுவெளியாக இருக்கிறது. கோல்ஃபின் பிறப்பிடத்திலேயே அது முடிகிறது.

கேள்வி: சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் அரசு எடுத்துவிட்டது. உங்கள் ஊர்க் கதையோடு ஒப்பிட்டுச் சொல்லுங்களேன்.
(வாசகி, சைதாப்பேட்டை)

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்று சந்தோஷமாக இருந்தது, அம்மா. இரண்டு ஊர்க் கதையும் ஒன்றுக்கொன்று அக்கா தங்கை மாதிரி. கிண்டியிலும் பந்தய வட்டத்துக்கு உள்ளேதான் கோல்ஃப். ஜிம்கானா கிளப்பின் திடல். 1940களில் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த சுமார் 160 ஏக்கரை, வாடகை பாக்கி வழக்குக்குப் பின் 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கையகப்படுத்தியது. அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று அறிவித்தார்கள். வெள்ளநீர் நிற்கக் குளங்களும் வெட்டினார்கள். வேளச்சேரி மழையில் என்ன பாடுபடும் என்பது சைதாப்பேட்டைக்காரரான உங்களுக்குத் தெரியாததல்ல. பூங்காவைவிட அந்தக் குளங்களையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்னொரு ஒற்றுமை. எங்கள் பூமலையைத் தொடங்கியதைப் போலவே ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இலேயே சென்னையில் தொடங்கியது. கதீட்ரல் சாலையில் அதன் வசமிருந்த நிலத்தில்தான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. இப்போது அங்கே 2010இல் திறந்த செம்மொழிப் பூங்கா. எதிர்ப்பக்கம் 2024இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா.

ஆனால் வேற்றுமை ஒன்று என் மனத்தை அறுக்கிறது. பூமலை தொடங்கிய அதே 1859இல், கவர்னர் டிரெவெல்யன் சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் போட்டார். 116 ஏக்கர். பெயரே மக்கள் பூங்கா. எங்களுடையது அப்போது சந்தா கட்டியவர்களின் தோட்டம். உங்களுடையது முதல் நாளிலிருந்து எல்லாருக்கும். ஏரிகள், மிருகக்காட்சி சாலை, பாண்டு மேடை எல்லாம் இருந்தன. இன்று அது எங்கே? விக்டோரியா பப்ளிக் ஹால் ஒரு துண்டு எடுத்தது. மூர் மார்க்கெட் ஒரு துண்டு. ரிப்பன் மாளிகை ஒரு துண்டு. விளையாட்டரங்கம் ஒரு துண்டு. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையான நல்ல காரியம்தான். கெட்ட நோக்கத்தோடு யாரும் வரவில்லை. அப்படித்தான் ஒரு பூங்கா சாகிறது. கிண்டியில் அமையும் பூங்காவில் மெட்ரோ அலுவலகம், கண்காட்சிக் கூடம், வாகன நிறுத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். முதல் கோரிக்கை வரும்போதே உங்களைப் போன்றவர்கள் எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: லீ குவான் யூ முதல் மரம் நட்டது ஃபேரர் பார்க்கிலா? எங்கள் வீட்டில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
(வாசகி, பொங்கோல்)

பதில்: ஃபேரர் சர்க்கஸில். 1963 ஜூன் 16. அது ஹாலண்ட் சாலைப் பக்கம், ஃபேரர் பார்க் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பெயர் கொடுத்தவர் அதே நகராட்சித் தலைவர் ஃபேரர். நட்டது மெம்பாட் மரம். வெயிலடித்து மழை பெய்த பிறகு இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும்.

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. சக்கர நாற்காலி. வீட்டுக்குள்ளேயே இருந்து மனசு ஒடிந்து போயிருக்கிறார். மரம், தண்ணீர் பார்க்க எங்கே கூட்டிப்போகலாம்? பூமலை பெரிதாக இருக்கிறது என்று பயமாக இருக்கிறது.
(மகள், ஆங் மோ கியோ)

பதில்: உங்கள் வீட்டுப் பக்கமே நல்ல இடம் இருக்கிறதம்மா. பீஷான்–ஆங் மோ கியோ பூங்கா, 62 ஹெக்டேர். அங்கே காலாங் ஆறு முன்பு நேரான சிமெண்டுக் கால்வாயாக ஓடியது, 2.7 கிலோமீட்டர். கம்பி வேலி போட்டிருந்தது. அந்தச் சிமெண்டை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கரையில் கல், புல், கொடி. மழை இல்லாத நாளில் பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரில் நிற்பார்கள். மழை கனத்தால் ஆறு கரை மீறிப் புல்வெளிக்கு ஏறும். அதற்காகத்தான் அந்தப் புல்வெளியை அப்படித் தாழ்வாக விட்டிருக்கிறார்கள். அபாயச் சங்கு கேட்டால் உடனே மேலே வந்துவிடுங்கள். பாதைகள் அகலம், நாற்காலி சுலபமாகப் போகும். கொஞ்ச நாள் அங்கே போய் அம்மாவுக்குப் பழகட்டும்.

பிறகு பூமலைக்குப் போகலாம். முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். நேப்பியர் எம்ஆர்டியில் இறங்கி தங்ளின் வாசல் வழியாக உள்ளே போங்கள். கிட்டத்திலேயே அன்னக் குளம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். பக்கத்திலேயே கிளையைத் தரையோடு நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய தெம்புசு மரம். ஐந்து வெள்ளி நோட்டில் அச்சடித்திருப்பது அந்த மரம்தான். ஒரு நோட்டைக் கையில் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறப்பார். பேண்டு மேடை மேட்டில் இருக்கிறது, தள்ளிக்கொண்டு ஏறுவது சிரமம். கூட ஒருவர் இருந்தால் மட்டும் முயலுங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் போய்ப் பத்துக்குள் திரும்பிவிடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் தனிச் சீட்டு. மூத்தவர்களுக்குச் சலுகை உண்டு, அம்மாவின் அடையாள அட்டையை எடுத்துச் செல்ல மறக்காதீர்கள்.